அச்சங்கரை, பெண்கள் பொது

நவம்பர் 6

இன்று முதல் நான் அரசு ஊழியன் இல்லை. என் ராஜினாமா ஏற்கப்பட்டது.

ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்த இந்தக் குருவையா, அச்சங்கரை ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறான். அரசு வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, அதை மேலிடம் ஏற்று ஆணை போட்டிருக்க வேண்டும். இது தெரியாமல் போன தேர்தலில் ஒரு வாத்தியார் மனு கொடுத்து, அது தள்ளுபடியாகி, ஊரே சிரித்தது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. விதி எனக்கு விரல் நுனியில்.

விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். அதற்குள் தேர்தலே முடிந்துவிடும். அதனால் நேரடி ராஜினாமா. பழைய சர்வீஸ் எல்லாம் போகும், பென்ஷனும் கிடையாது. போகட்டும். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குப் பென்ஷன் எதற்கு?

சாதாரணமாக இந்த மாதிரி ஃபைல் மாதக்கணக்கில் தூங்கும். நான் விடவில்லை. மேஜை மேஜையாக நானே தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, கையெழுத்து வாங்கினேன். கண்காணிப்பாளர் வசந்தி மேடம், "ஏன் குருவையா நெருப்பு மேல நிக்கிறீங்க? எந்த ஊராட்சி யாருக்குன்னு ஒதுக்கீடு லிஸ்ட் வரட்டுமே" என்றார். சிரித்துவிட்டேன். அச்சங்கரை போன முறையும் பொது, இந்த முறையும் பொது. அந்த ஃபைல்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாதா?

என் மனைவி வடிவிடம் இன்னும் சொல்லவில்லை. தடுப்பூசி முகாம், முகாம் என்று அலைந்துகொண்டிருக்கிறாள்.

நவம்பர் 7

வடிவிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கொடுத்தீங்க?"

"போன வாரம்."

"ஏத்துக்கிட்டாகளா?"

"ஏத்துக்கிட்டாச்சு."

தோசை கருகிவிட்டது. அதை அவளே தின்றாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. என் மனைவியிடம் எனக்குப் பிடித்ததே இந்த அடக்கம்தான்.

மதியம் தண்ணீர் மோட்டார் காயில் புகைந்துவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம்.

நவம்பர் 12

தெருத்தெருவாகப் போனேன். கூட உரக்கடை பொன்னுச்சாமி. எனக்கு வலது கை அவன்தான். சொந்தம் இல்லை, ஆனாலும் என்னை அண்ணே என்றும் வடிவை மதினி என்றும்தான் கூப்பிடுவான்.

நல்ல வரவேற்பு. ஒரே ஒரு விஷயம்தான் நெருடல். எந்த வீட்டு வாசலில் நின்றாலும், "நர்சம்மா வீட்டுக்காரரா? வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். இத்தனை வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் இருந்திருக்கிறேன். வீட்டு வரி ரசீதுக்கும் குடிநீர் இணைப்புக்கும் வந்து என் முன்னால் நின்றவர்கள்தான் எல்லாரும். ஒருத்தருக்கும் என் பெயர் தெரியவில்லை. வடிவு கிராம சுகாதாரச் செவிலியர். ஊசி போடுகிறாள், கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கிறாள். அதற்கு இவ்வளவா?

ஒரு கிழவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "எம் பேத்திய நர்சம்மாதான் காப்பாத்திக் கொடுத்தாக" என்றார். ஓட்டு விழும். விழுந்தால் சரி.

நவம்பர் 16

லிஸ்ட் வந்துவிட்டது.

அச்சங்கரை: பெண்கள் பொது.

நவம்பர் 17

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. பொன்னுச்சாமி போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்து வரியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நம் வரிதான். ஆண் யாரும் நிற்க முடியாது.

காலையில் முதல் ஆளாக அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் மாறுதலில் வந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "யாரைப் பாக்கணும் சார்?" என்று என்னையே கேட்டான்.

வசந்தி மேடத்திடம் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"ஏத்துக்குறதுக்கு முந்தி வந்திருந்தா வாபஸ் வாங்கலாம். இப்ப ஆணையே போட்டாச்சே குருவையா."

"மேடம், ஏதாச்சும் வழி..."

"மூணு மாசம் கிடக்க வேண்டிய ஃபைல். நீங்கதான் நின்னு கையெழுத்து வாங்கினீங்க. நான் கொஞ்சம் பொறுங்கன்னேன்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை. நான் வெளியே வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாருக்கும் விதி சொல்லிக் கொடுத்த எனக்கே இப்படியா?

வடிவு ராத்திரி ரசம் வைத்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

நவம்பர் 19

பொன்னுச்சாமி வந்தான். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு மெதுவாக உள்ளே வந்தான். காப்பி குடித்து முடித்ததும் சொன்னான்.

"அண்ணே, எதுக்கு இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? மதினியை நிறுத்துங்க."

எனக்குச் சட்டென்று தலைக்குள் விளக்கு எரிந்தது.

"எந்த வீட்டுக்குப் போனாலும் நர்சம்மா, நர்சம்மாங்குறாக. மதினி நின்னா எதிர்ல நிக்க ஆள் வராது. மதினி பேருக்குத் தலைவரு. ஆபீசு, கையெழுத்து, காண்ட்ராக்டு எல்லாம் நம்ம பாத்துக்கிருவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான நடக்குது?"

ஒரு சிக்கல். வடிவும் அரசு ஊழியர். அவளும் ராஜினாமா செய்ய வேண்டும், அது ஏற்கப்பட வேண்டும். ஆனால் அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

சாயங்காலம் வடிவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்றாள்.

சம்மதித்துவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முகம் எனக்குத் தெரியாதா?

நவம்பர் 20

பொன்னுச்சாமி கேட்டான், "மதினி என்ன சொன்னாக?" சரி என்றுவிட்டாள் என்றேன். பாக்கலாம் என்றாள் என்று சொன்னால் அவன் தப்பாக எடுத்துக்கொள்வான். வெளியாட்களுக்கு அவள் பேச்சு பிடிபடாது. கொல்லைப்புறத்தில் என் அக்கா குடும்பத்துக்கு ஒரு அறை கட்டலாம் என்றேன், பாக்கலாம் என்றாள். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்றேன், பாக்கலாம் என்றாள். இரண்டும் நடக்கவில்லைதான். ஆனால் அது வேறு காரணம்.

மோட்டார் சரியாகிவிட்டது.

நவம்பர் 22

வடிவுக்கான ராஜினாமா கடிதத்தை நானே எழுதினேன். சொந்தக் காரணங்களை முன்னிட்டு என்று அழகாக வந்திருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னேன். கையில் மாவு என்றாள். கழுவிவிட்டு வா என்றேன். அதற்குள் யாரோ ஒரு பெண் குழந்தையோடு வந்து, காய்ச்சல் என்று நின்றாள். வடிவு போய்விட்டாள்.

மகள் கவிநிலா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். நர்சிங் மூன்றாம் வருஷம். நல்ல செய்தி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களாப்பா?"

"கேட்டாச்சும்மா."

"அம்மாவும் வேலைய விட்டுட்டா நம்ம எப்படிப்பா இருப்போம்? நான் படிக்கிறது எப்படி?"

"தலைவர் வீட்டுல காசுக்கா பஞ்சம்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

நவம்பர் 24

சாப்பிடும்போது ஒரு சின்னப் பேச்சு. வடிவு, "எனக்கு வேண்டாங்க. நான் என் வேலையிலயே இருந்துக்கிறேன். இப்ப வீட்டுல இருக்கிற ஒரே சம்பளம் இதுதான்" என்றாள். எனக்கு ஒரே அதிர்ச்சி. இவ்வளவு நாள் சரி சரி என்றிருந்துவிட்டு, ஊர் முழுக்கச் சொன்ன பிறகா? நான் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம். தட்டு விழுந்துவிட்டது. சாம்பார் சுவர் வரைக்கும் தெறித்திருந்தது. தட்டின் விளிம்பு அவள் புருவத்தில் பட்டுவிட்டது.

நர்ஸ் என்பதால் தானே பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டாள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

நவம்பர் 25

காலையில் பால்காரர் கேட்டதற்கு, "அலமாரிக் கதவு இடிச்சுருச்சு" என்றாளாம். குடும்ப மானம் காக்கத் தெரிந்தவள்.

மறுபடி கேட்டேன், மெதுவாகத்தான். சுவரைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றாள். நேற்று சொன்னது ஏதோ அலுப்பில் சொன்னது.

கடிதம் எங்கே என்றேன். "எங்கிட்டயே இருக்கட்டும். மாவட்ட ஆபீசுல நானே கொண்டுபோய்க் கொடுத்துக்கிறேன். நீங்க வந்தா அவுக ஒரு மாதிரி நெனப்பாக" என்றாள். நியாயம்தான். பெண்கள் அதிகமுள்ள அலுவலகம். நான் போய் மேஜை மேஜையாக நின்றால் நன்றாக இருக்காது.

நவம்பர் 28

வடிவு இன்று மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. இரண்டு மூன்று வாரமாகப் பார்க்காத முகம். கொடுத்துவிட்டாயா என்று கேட்டதற்கு, "பேச வேண்டியதெல்லாம் பேசிட்டேன்" என்றாள். ஏற்றுக்கொள்வார்களா என்றேன். "கேட்டது கிடைக்கும்னு சொல்லியிருக்காக" என்றாள்.

அப்பாடா! பொன்னுச்சாமிக்கு உடனே போன் போட்டேன்.

நவம்பர் 30

வடிவு கடைவீதியில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும், ஒரு வாளியும், பாயும் வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பொன்னுச்சாமி சொன்னான். தேர்தல் அலுவலகத்துக்கு டீ போடத்தான் இருக்கும். சொல்லாமலேயே ஏற்பாடு செய்கிறாள் பாருங்கள். நான் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

டிசம்பர் 3

போஸ்டர் வந்துவிட்டது. பாதிக்கு மேல் என் படம். மூலையில் வடிவு. பொன்னுச்சாமி வடிவின் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்றான். புருவத்தில் போட்ட கட்டு தெரியக் கூடாதென்று பழைய படம் போட்டதில் அது மங்கிவிட்டது. அதனால்தான் சின்னதாகப் போட்டேன்.

டிசம்பர் 5

மழை. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தேன். வடிவு இப்போதெல்லாம் தன் பணியிடமான கருப்பம்பட்டி துணை சுகாதார நிலையத்தில் அதிக நேரம் இருக்கிறாள். ஆணை வரும் வரைக்கும் வேலை பார்த்துத்தானே ஆக வேண்டும். ஆணை எங்கே என்று கேட்டால், "வந்துரும்" என்கிறாள். நாளைதான் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். பரவாயில்லை, ஏற்பு ஆணையை அவளே கையோடு கொண்டு வருவாள்.

டிசம்பர் 6

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வடிவு பட்டுப்புடவை கட்ட மாட்டேன் என்றுவிட்டாள். சீருடைப் புடவையிலேயே வந்தாள். எளிமையாக இருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பொன்னுச்சாமி தப்பு அடிக்கிற ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். ஒன்றிய அலுவலக வாசலில் மாலை, வெடி. என் பழைய அலுவலகம். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

உள்ளே தேர்தல் நடத்தும் அலுவலர். புதியவர், கண்ணாடி போட்ட இளைஞர். பக்கத்தில் உதவிக்கு வசந்தி மேடம். மனுவை நானே நிரப்பியிருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் முன்னால்தான் போட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அலுவலர் மனுவைப் புரட்டிவிட்டு வடிவைப் பார்த்தார்.

"சண்முகவடிவுங்கிறது நீங்கதானம்மா? அரசுப் பணியில இருந்தீங்க போலிருக்கு. ராஜினாமா ஏத்துக்கிட்ட ஆணை இருக்கா?"

நான் வடிவைப் பார்த்தேன், பையைத் திறப்பாள் என்று. அவள் பையைத் திறக்கவில்லை.

"நான் ராஜினாமா பண்ணல சார்."

"என்னம்மா?"

"பணியிலதான் சார் இருக்கேன். கருப்பம்பட்டி துணை சுகாதார நிலையம். இன்னைக்கு மதியம் வரைக்கும் அனுமதி வாங்கிட்டு வந்திருக்கேன். எனக்குத் தேர்தல்ல நிக்க விருப்பமில்ல. இந்த மனுவுல நான் கையெழுத்துப் போடல, போடவும் மாட்டேன்."

சத்தம் போடவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னாள். வெளியே தப்புச் சத்தம் நிற்காமல் கேட்டது.

"வடிவு" என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். வசந்தி மேடமும் பார்த்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, வடிவின் புருவத்தில் இருந்தது.

அலுவலர் மனுவை என் பக்கம் தள்ளினார். "விருப்பமில்லாதவங்களைக் கூட்டிட்டு வரக் கூடாது சார். நீங்களும் இங்கதான் வேலை பாத்தீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தாழ்வாரத்தில் அவளை மறித்துக் கேட்டேன். "வீட்டுலயே சொல்லியிருக்கலாமே வடிவு?"

"வீட்டுல சொன்னேன். சொன்ன அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"சரின்னுதானே பிறகு..."

"பாக்கலாம்னு சொன்னேன். சரின்னு நான் எப்பச் சொன்னேன்? அந்த லெட்டரை உங்க கையில கொடுத்திருந்தா, என் கையெழுத்தையும் போட்டு நாலு நாள்ல ஏத்துக்க வச்சிருப்பீங்க. அப்புறம் நானும் உங்க மாதிரி படியில உக்காந்திருக்கணும். நாலு பேரு முன்னாடி, அதிகாரி முன்னாடி சொன்னாத்தான் உங்க காதுல விழும்னு தோணுச்சு."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. போய்விட்டாள்.

பொன்னுச்சாமி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "என்னண்ணே, மதினி சரின்னுட்டாகன்னு சொன்னீக?" என்றான்.

டிசம்பர் 7

வடிவு நேற்று வீட்டுக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. கவிநிலாவுக்குப் போட்டேன். "அம்மா நல்லா இருக்காங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். "அம்மாகிட்டயே கேளுங்க. இந்தத் தடவையாச்சும் கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

அலமாரியைத் திறந்தேன். சீருடைப் புடவைகள் ஒன்றுகூட இல்லை. எப்போது எடுத்துப் போனாள்? தினமும் ஒன்றிரண்டாகக் கொண்டு போயிருக்கிறாள். நான் இதே வீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லையே. உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

டிசம்பர் 8

கருப்பம்பட்டிக்குப் போனேன். துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் செவிலியர் குடியிருப்பு. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். இப்போது வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டிருந்தது. கொடியில் அவள் புடவை.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். புருவத்தில் கட்டு இல்லை, தழும்பு இருந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டு வந்து கொடுத்தாள்.

மாவட்ட அலுவலகத்துக்கு அன்று இதற்காகத்தான் போயிருக்கிறாள். குடியிருப்பைப் பழுது பார்த்துத் தரும்படி கேட்டிருக்கிறாள். செவிலியர் பணியிடத்திலேயே தங்க வேண்டும் என்பதுதான் விதி, இத்தனை வருஷம் தங்காமல் இருந்ததுதான் தவறு, உடனே தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். தப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மன்னித்துவிட்டாளா, கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. தெரியும் என்று எழுத இனி எனக்குத் தைரியம் இல்லை.

"கவிநிலா படிப்பு நிக்காது. அத நான் பாத்துக்கிறேன்" என்றாள். "நீங்க உங்களுக்கு ஒரு வேலை தேடிக்கோங்க."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "விதிப்படி செவிலியர் குடியிருப்புல குடும்பத்தோட தங்கலாமே வடிவு?"

"தங்கலாம்" என்றாள். "சாவி கொடுக்கும்போது அதையும் கேட்டாக, எத்தன பேரு தங்குவீங்கன்னு. ஒரு ஆளுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பஸ் வர நேரமாகும் என்றார்கள். நான் நடந்தே வந்துவிட்டேன்.